எரிந்தது கட்டடம்தானே என்கிறார்களே

கேள்வி: 2025 பிப்ரவரி 8

2019இல் அமெரிக்காவின் லூசியானாவில் கறுப்பினத்தவரின் மூன்று சர்ச்சுகளை ஒருவன் கொளுத்தினான். அவற்றைத் திரும்பக் கட்ட இணையத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. எனக்கு ஒரு சந்தேகம். சபை என்றால் ஆட்கள், கட்டடம் இல்லை என்றுதானே எல்லாப் போதகர்களும் சொல்கிறார்கள்? ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்துக் கூடிவிட்டு, அந்தப் பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே? இங்கே யாராவது அப்படிக் கட்டடம் எரிந்துபோன சபையில் இருந்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 8, இரவு

நான் இருந்திருக்கிறேன். ஆனால் எரிந்தது எங்கள் கட்டடம் இல்லை, நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடம்.

டெக்சஸில் ஒரு சின்ன ஊர். ஒரு மெதடிஸ்ட் சபையின் சர்ச். அவர்கள் காலை பத்தரைக்குக் கூடுவார்கள், தமிழ் சபையாகிய நாங்கள் சாயங்காலம் 4 மணிக்கு. அவர்கள் 70 பேர், பெரும்பாலும் தாத்தா பாட்டி. நாங்கள் 32 குடும்பம். நாசரேத், சாயர்புரம், நாகர்கோவில் பக்கத்து ஆட்கள், ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். 2021 டிசம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கள் விடியும்போது கூரை இல்லை.

சபை என்றால் ஆட்கள்தான், சரி. அடுத்த ஞாயிறு அந்த ஆட்கள் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் போன் போட்டுக்கொண்டிருந்தோமே, அதை நேரில் பார்த்தவர்கள் இந்த வசனத்தை இவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். மீதியை நாளை எழுதுகிறேன். காலையில் வேலை இருக்கிறது.

பிப்ரவரி 9

முதலில் லூசியானா. நீங்கள் சொன்ன மூன்றும் செயின்ட் லாண்ட்ரி பாரிஷில் இருந்தவை. (அங்கே பாரிஷ் என்றால் நம் ஊர்ப் பங்கு இல்லை, மாவட்டம் மாதிரி. மற்ற மாநிலங்களில் கவுண்டி என்பதை லூசியானாவில் மட்டும் பாரிஷ் என்பார்கள். பழைய கத்தோலிக்கக் காலத்துப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.) செயின்ட் மேரி பாப்டிஸ்ட், கிரேட்டர் யூனியன் பாப்டிஸ்ட், மவுண்ட் பிளசன்ட் பாப்டிஸ்ட். மூன்றுமே 100 வருடத்துக்கு மேற்பட்ட சபைகள். மூன்றும் ஓப்பலூசாஸ் ஊரில், ஒரே வாரத்தில் எரிந்தன.

கொளுத்தியவனுக்கு 21 வயது. அப்பா ஷெரீப் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பையனுக்கு பிளாக் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையில் கிறுக்கு. 1990களில் நார்வேயில் அந்த இசைக் கூட்டத்துப் பையன்கள் சிலர் பழைய மரக்கோயில்களைக் கொளுத்திப் பேர் வாங்கினார்கள். இவனுக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் 25 ஆண்டு தண்டனை.

வசூல் கதைதான் எனக்கு உறுத்துவது. அந்தப் பகுதி பாப்டிஸ்ட் சங்கம் மூன்று சபைக்கும் சேர்த்து 18 லட்சம் டாலர் கேட்டு இணையத்தில் உண்டியல் வைத்தது. ஏப்ரல் 15 வரை அது ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அன்று சாயங்காலம் பாரிஸில் நோட்ரடாம் பேராலயம் எரிந்தது. உலகமே டிவி முன்னால் உட்கார்ந்தது. அங்கே கோடி கோடியாகக் குவிவதைப் பார்த்துச் சிலர், இந்த மூன்று சின்ன சர்ச்சுகளை மறந்துவிட்டோமே என்று எழுத ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் பத்து லட்சத்தைத் தாண்டியது.

நானும் 25 டாலர் போட்டேன். எப்போது? ஏப்ரல் 17 அன்று. ஓப்பலூசாஸ் என் வீட்டிலிருந்து நாலு மணி நேர டிரைவ். பாரிஸ் எரியும்வரை எனக்கு அது கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

திருத்தம். ஒரே வாரம் என்றது தப்பு. மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 4. பத்து நாள். செயின்ட் மேரி இருந்தது ஓப்பலூசாஸில் இல்லை, பக்கத்தில் போர்ட் பேரியில். நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான்.

பிப்ரவரி 11

"உங்கள் சர்ச் எப்படி எரிந்தது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் விருந்து. ஊர்ப் பழக்கத்தில் அதை அசனம் என்றே சொல்வோம். ஆட்டுக்கறிக் குழம்பை வீட்டில் வைத்துக் கொண்டுவந்து அங்கே சூடு பண்ணினோம். கடைசியாக அடுப்படியில் நின்றவன் நான். அடுப்பை அணைத்தேன். அணைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். திங்கள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தபோது முதலில் மனதில் வந்தது கோயில் இல்லை, அந்தக் குமிழ்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. எங்கள் வாட்ஸப் குழுவில் "கடைசியா யார் கிச்சன்ல இருந்தது?" என்று ஒரு செய்தி வந்து, ஐந்து நிமிடத்தில் அழிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கச் சபைக்காரர்களில் இரண்டு பேர் என்னோடு பேசும்போது தரையைப் பார்த்துப் பேசினார்கள். இல்லை, எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். இந்த நாட்டில் சர்ச் தீ விபத்துகளுக்கு முதல் காரணமே சமையலறைதான் என்று அந்த வாரம் எங்கோ படித்து வைத்துத் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டேன்.

19 நாள் கழித்து விசாரணை அதிகாரி சொன்னார்: பீடத்துக்கு மேலே பரணில் போன 1956ஆம் வருஷத்து வயரிங். சமையலறை பின்பக்கம் தனிக் கட்டு. அதில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை! மஞ்சள் நாடாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் எட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்குப் போகத் துணிச்சல் இல்லை. தெருவில் காரை நிறுத்தி முன்பக்கத்தையே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பிப்ரவரி 12

தீயைவிடத் தண்ணீர்தான் அதிகம் கெடுத்தது என்று எழுத மறந்துவிட்டேன்.

கூரை முழுக்கப் போனது, சுவர் நின்றது. தீயணைப்பு வண்டிகள் அடித்த தண்ணீர் கணுக்கால் அளவு. பெஞ்சுகள் கரிந்து கிடந்தன. எங்கள் பாமாலைப் புத்தகங்கள் அலமாரியில் ஊதிப்போய், அலமாரிக் கதவையே தள்ளித் திறந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். ஊறின பன் மாதிரி இருந்தது.

அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவேடு ஒரு இரும்பு அலமாரியில் இருந்தது. 1931இலிருந்து எழுதின ஒரே புத்தகம். ஓரம் கருகி, உள்ளே சொதசொதவென்று. அந்தச் சபையின் பொருளாளர் அம்மா, 80 வயது, வெயிலில் காயவைக்கலாம் என்று காரின் மேல் விரித்து வைத்திருந்தார். எங்கள் சபை அக்கா ஒருவர் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவர். ஓடிப்போய் மூடினார். காயவைத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும், இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும், உடனே உறைய வைக்க வேண்டும் என்றார். அக்கா வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிரமும் முருங்கைக்காயும் இருந்தன. பாதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெழுகுத் தாளில் சுற்றின பதிவேட்டை உள்ளே வைத்தார். எட்டு மாதம் அங்கேயே இருந்தது. பிறகுதான் உறைநிலையிலேயே ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பொருளாளர் அம்மா மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக்கு வருவார். பதிவேட்டைப் பார்க்கிறேன் என்று ஃப்ரீசரைத் திறப்பார். அப்படியே உட்கார்ந்து டீ குடிப்பார். கடைசியில் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். நன்றாக வராது, ஆனாலும் வைப்பார்.

பிப்ரவரி 15

"ஆதிச் சபை வீடுகளில்தானே கூடியது, கட்டடமே இல்லாமல்தானே வளர்ந்தது" என்று மேலே வாதம். உண்மைதான். அதைவிடக் கெட்டியான உதாரணம் ஒன்று நானே தருகிறேன்.

தென் கரோலைனாவில் சார்ல்ஸ்டன் நகரத்து எமானுவேல் சபை. 2015 துப்பாக்கிச் சூட்டில் 9 பேர் கொல்லப்பட்டார்களே, அதே சபை. 1822இல் டென்மார்க் வீசி என்பவர் அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சொல்லி அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர் இந்தச் சபைக்காரர். சபையின் கட்டடத்தையும் அழித்தார்கள். 1834இல் கறுப்பினத்தவர் தனிச் சபையாகக் கூடுவதே அங்கே தடை செய்யப்பட்டது. 1865 வரை ஒளிந்துதான் கூடினார்கள். கட்டடம் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, மணி இல்லை. ஆனாலும் சபை சாகவில்லை. உங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும் முதல் வேலையாக என்ன செய்தார்கள்? கோயில் கட்டினார்கள். அதை வடிவமைத்தவர் ராபர்ட் வீசி, தூக்கில் போடப்பட்டவரின் மகன். அது 1886 பூகம்பத்தில் போனது. திரும்பவும் கட்டினார்கள். கட்டடம் தேவையில்லை என்று 31 வருடம் நிரூபித்துக் காட்டியவர்களே இப்படிச் செய்தால், நாம் யார் அவர்களுக்குச் சொல்ல?

பிப்ரவரி 16

நோட்ரடாம் பற்றி ஒரே ஒரு செய்தி. திருப்பண்டகச் சாலையின் (பூசைப் பொருட்கள் வைக்கும் கட்டு) கூரைமேல் மூன்று தேன்கூடுப் பெட்டிகள் இருந்தன. தேனீக்கள் பிழைத்துவிட்டன. புகை பட்டால் அவை தேனைக் குடித்துவிட்டு ஒரே இடத்தில் ஒண்டிக்கொள்ளுமாம். அதன்படி பார்த்தால் எங்கள் சபையிலும் இரண்டு மூன்று தேனீக் குடும்பம் உண்டு.

பிப்ரவரி 20

மேலே "நோட்ரடாம் சபைக்கு என்ன கஷ்டம், அரசாங்கமே கட்டிக் கொடுக்கிறது" என்று ஒருவர். அரசாங்கம்தான் உடைமைக்காரர், அது சரி. ஆனால் அந்தச் சபையும் ஐந்து வருடம் வாடகைக்காரர் மாதிரிதான் இருந்தது. லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ள செயின்ட் ஜெர்மெய்ன் லோக்செருவா கோயிலில் இடம் கொடுத்தார்கள். தீயில் தப்பின மாதா சொரூபத்தையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். எரிந்த பேராலயத்துக்குள் முதல் பூசை 2019 ஜூன் 15, உள்ளே ஒரு சிற்றாலயத்தில். சுமார் 30 பேர். பேராயர் உட்பட எல்லோர் தலையிலும் ஹெல்மெட்! பிரதான வாசல் திறந்தது 2024 டிசம்பரில்தான்.

கட்டடம் எரிந்தவர்கள் ஒரே ராத்திரியில் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். அது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், தீப்பிடித்தபோதே நாங்கள் ஒன்பது வருடமாக விருந்தாளிகள். அடுத்தவர் கோயிலில் எந்த நாற்காலியை எங்கே எடுத்தோமோ அங்கே திரும்ப வைக்க வேண்டும். கறிவேப்பிலை ஒன்று தரையில் கிடந்தாலும் திங்கட்கிழமை மின்னஞ்சல் வரும். கீபோர்டு, தபேலா, மைக், வயர், திருவிருந்துப் பாத்திரம், பிள்ளைகளின் படப் புத்தகம் எல்லாம் நாலு கார் டிக்கியில். எந்தக் காரில் எது என்று ஒரு காகிதம். (தீயில் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் போகவில்லை, பாமாலைப் புத்தகங்களைத் தவிர. வாடகைக்காரனுக்கு அந்த ஒரு லாபம்.)

ஆரம்பப் பள்ளி ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது. காலை அவர்கள், மதியம் நாங்கள். முதல் ஞாயிறு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 65 வருடமாக ஒரே பெஞ்சில் ஒரே இடத்தில் உட்கார்ந்த மனிதர்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மைக் எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கோயில்குட்டி என்போமே, அந்த வேலையைப் பார்த்துவந்த பெரியவர், திறக்கவும் பூட்டவும் கதவு இல்லாமல் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதில் இருந்த எந்தச் சாவிக்கும் கதவு இல்லை.

அன்று எங்களில் ஆறு பேர் காலையிலேயே போனோம். வயரை நாடா போட்டுத் தரையில் ஒட்டுவது, நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்குவது, பெட்டிகளுக்கு நிறம் வைப்பது, 40 நிமிடத்தில் ஒரு கோயிலைப் பிரித்துக் காரில் ஏற்றுவது. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தோம். சாவிப் பெரியவருக்கு ஒரு காரின் டிக்கியை ஒப்படைத்தோம். அதற்கு அடுத்த வாரமே அதன் மேல் ஒரு பட்டியல் ஒட்டி, கையெழுத்துப் போடாமல் யாரும் எதையும் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது அவருக்கு.

ஒன்பது வருடத்தில் எங்கள் ஆராதனைக்கு வராதவர்கள் அதற்கப்புறம் வந்தார்கள். ஒரு வார்த்தை புரியாது. நாங்கள் கீர்த்தனை பாடும்போது தாளத்தை மட்டும் தப்பாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மார்ச் 1

தீப்பிடித்த மாதம் எல்லோரும் ஒற்றுமை. மூன்றாவது வருடம்தான் சோதனை. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர் சர்ச்சைக் கட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அவர்களுக்குக் காப்பீடு இருந்தது. ஆனால் தொகை 2009இல் போட்டது, அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. கட்டுமானச் செலவு அதற்குள் எங்கேயோ போய்விட்டது. போதாததற்கு, பழைய கட்டடம் பழைய விதிப்படி நின்றது. புதிதாகக் கட்டினால் புது விதி. தண்ணீர்த் தெளிப்பான், சக்கர நாற்காலிச் சரிவு, அகலக் கழிப்பறை, இத்தனை கார் நிறுத்த இடம். இந்தக் கூடுதல் செலவுக்கென்று தனியாக ஒரு காப்பீட்டுப் பிரிவு உண்டு. அது எங்களிடம் இல்லை. (எங்களிடம் என்று எழுதிவிட்டேன். அவர்களிடம்.) இதைப் படிக்கிறவர்களில் யாராவது சர்ச் கமிட்டியில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். நியூயார்க்கில் மிடில் கொலீஜியட் சர்ச், 1892ஆம் வருஷத்துக் கட்டடம். 2020 டிசம்பர் 5 அன்று பக்கத்துக் காலிக் கட்டடத்துத் தீ தாவி எரிந்தது. முகப்புச் சுவர் மட்டும் நின்றது. பாரம்பரியக் கட்டடம் என்பதால் அதை இடிக்கவும் அனுமதி வேண்டும். அதைத் தாங்கி நிறுத்த நமக்குச் சக்தி இல்லை என்று அந்தச் சபையே போய் வாதாட வேண்டியிருந்தது. அனுமதி வந்தது 2023 ஜனவரியில். மாசசூசெட்ஸில் கறுப்பினத்தவரின் மாசிடோனியா சபை, ஒபாமா ஜெயித்த ராத்திரி, பாதிக்கு மேல் கட்டி முடித்திருந்த புதுக் கோயிலைக் கொளுத்தினார்கள். 2008 நவம்பரில் எரிந்தது 2011இல்தான் திறந்தது.

எங்கள் ஊரில் காசு சண்டைகூடப் பரவாயில்லை. பெஞ்சா நாற்காலியா என்று ஐந்து மாதம் சண்டை. நான் மனதுக்குள் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது: பெஞ்ச் கேட்ட அம்மாவின் புருஷன் அந்தப் பெஞ்சின் வலது ஓரத்தில் 40 வருடம் உட்கார்ந்தவர், இறந்துவிட்டார். நாற்காலியில் ஓரம் ஏது? கடைசியில் முன் நாலு வரிசை பெஞ்ச், பின்னால் நாற்காலி. பார்க்க நன்றாக இல்லை.

மார்ச் 2

எல்லாம் நன்றாக முடிந்த மாதிரி எழுதிக்கொண்டு போகிறேனோ? அவர்கள் 70 பேர், திரும்ப வரும்போது 44. சிலர் இறந்தார்கள், சிலர் பெரிய சர்ச்சுக்குப் போனார்கள். நாங்கள் 32 குடும்பம் 21 ஆனோம். போனவர்களில் ஒருவர் என் நெருங்கின நண்பர். வாட்ஸப்பில் அந்தச் செய்தியைப் போட்டு அழித்தவர் அவர்தான் என்று நான் நினைத்தேன், அதனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. போட்டது அவர் இல்லை என்று போன வருடம் தெரிந்தது. போன் பண்ணினேன். சாதாரணமாகத்தான் பேசினார், ஆனால் திரும்ப வரவில்லை.

அப்புறம், கேள்வி கேட்டவருக்கு: அந்தப் பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்றீர்கள். ஓப்பலூசாஸ் சபைக்காரர்களும் ஒன்றும் பணக்காரர்கள் இல்லை.

மார்ச் 10

திறப்பு எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு. 2024 செப்டம்பர். பதிவேட்டைப் பீடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எட்டு மாதம் வஞ்சிரத்தோடு இருந்த வாசனை போகவில்லை என்று அக்கா சொல்கிறார். மற்றவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் நேரம் இப்போதும் சாயங்காலம் 4 மணிதான். வாடகை வேண்டாம் என்றார்கள், நாங்கள் கொடுக்கிறோம்.

சமையலறையில் அடுப்புக்கு மேல் பெரிய புகைபோக்கி, சூடு ஏறினால் தானே மருந்து தெளிக்கும். அதன் கீழே இரண்டு மொழியில் ஒரு அறிவிப்பு. தமிழ் வரியை அந்தப் பொருளாளர் அம்மா, அக்கா எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தன் கையாலேயே எழுதினார். "அடுப்பை அனைத்தீர்களா?" மூன்று சுழி ண அவருக்கு வரவில்லை. திருத்தலாம் என்று ஒரு தம்பி பேனாவோடு போனான், நான் விடவில்லை.

ஞாயிறு ராத்திரி கடைசியாகக் கிளம்புவது இன்னமும் நான்தான். அதைப் படித்துவிட்டு ஒருமுறை குமிழைத் திருகிப் பார்ப்பேன். கார் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப வந்து இன்னொரு முறை.